ஒரு லட்ச ரூபாயை ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எப்படிக் கொடுப்பது?

ஊர்ச் சங்கம், முன்னாள் மாணவர் குழு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை என்று எங்காவது கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டால், முதலில் கிளம்பும் சண்டை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான். எப்படிக் கொடுப்பது என்பது கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில் முடிவாகும். கறவை மாடு வாங்கிக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். காசாகக் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போய்விடும், உரமும் விதையும் கொடுங்கள் என்பார் இன்னொருவர். மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் போட்டால் ரொம்ப நாள் ஓடுமே என்பார் பொருளாளர். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கையில் கொடுத்துவிடலாம் என்று சொல்கிறவரை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அந்தக் கடைசி ஆள் சொல்வதுதான் பெரும்பாலான விவசாய வீடுகளுக்குச் சரி என்பது என் கட்சி. எல்லா வீட்டுக்கும் அல்ல. எந்த வீட்டுக்கு ஒத்துவராது என்பதையும் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை நிஜப் பணத்தை வைத்து, குலுக்கல் முறையில் குடும்பங்களைப் பிரித்து, பத்து வருடத்துக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்த இடம் மேற்கு கென்யா. விக்டோரியா ஏரியை ஒட்டி லுவோ மக்கள் வாழும் சியாயா மாவட்டம் அதில் முக்கியமானது. ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துக்கொண்டிருந்த நான்கு பேர் தொடங்கிய கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம், ஏழைக் குடும்பங்களின் செல்போனுக்கே நேராகப் பணம் அனுப்பத் தொடங்கியது. செல்போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா 2007இல் வந்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. வங்கிக் கணக்கு தேவையில்லை, பட்டன் போன் போதும். குறுஞ்செய்தி வரும், பெட்டிக்கடை அளவில் இருக்கும் முகவரிடம் போய் அடையாள அட்டையைக் காட்டினால் பணம் கையில். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை எதுவும் கிடையாது.

விற்கும்போது ஒரு விலை, வாங்கும்போது ஒரு விலை

பணம் போய்ச் சேரும் வீட்டை முதலில் பார்த்துவிடலாம். மண் சுவர், புல் வேய்ந்த கூரை. ஒன்றிரண்டு ஏக்கரில் மக்காச்சோளம், நடுவே பீன்ஸ். சில கோழிகள், முடிந்தால் ஒரு மாடு. மார்ச் வாக்கில் பெருமழை தொடங்கும்போது விதைப்பு, ஜூலை ஆகஸ்டில் அறுவடை. அறுவடை வந்ததும் கடன்காரரும் வந்துவிடுவார். பள்ளிக் கட்டணம் வேறு நிற்கும். ஊரில் எல்லார் வீட்டிலும் தானியம் குவிந்து விலை தரைமட்டத்தில் இருக்கும் அதே வாரத்தில்தான் இந்த வீடும் மூட்டையைச் சந்தைக்கு ஏற்றும். அடுத்த வருடம் ஏப்ரல், மே ஆகும்போது குதிர் காலி. தான் விற்ற மக்காச்சோளத்தையே தான் திரும்ப வாங்கிச் சாப்பிட வேண்டும். அறுவடைக்கும் அந்தப் பஞ்ச மாதங்களுக்கும் நடுவே விலை 25 முதல் 40 சதவீதம் வரை ஏறுவது அங்கே வழக்கம். விற்கும்போது அடிமாட்டு விலை, வாங்கும்போது ஆனை விலை.

அந்த வீட்டுக்காரிக்கு இது தெரியாமல் இல்லை. நாலு மாதம் பொறுத்து விற்றால் லாபம் என்று எந்த விவசாயியிடம் கேட்டாலும் சொல்வார். பொறுத்திருக்க நாலு மாதத்துக்கான காசு வேண்டும், அவ்வளவுதான். மேற்கு கென்யாவில் அறுவடை நேரத்தில் சிறு கடன் கொடுத்துப் பார்த்தபோது, குடும்பங்கள் தானியத்தை வைத்திருந்து விலை ஏறிய பிறகு விற்றன. உரத்திலும் இதே கதை. அதே மேற்கு கென்யாவின் பூசியா பகுதியில் பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டூஃப்லோவும் மைக்கேல் கிரேமரும் இன்னொருவரும் செய்த ஆய்வில், அடுத்த போகத்துக்கு உரம் வாங்குவேன் என்று சொன்ன பலர் விதைப்பு வரும்போது கையில் காசில்லாமல் நின்றார்கள். அறுவடை முடிந்த கையோடு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறோம் என்ற சின்னச் சலுகையோடு விற்றபோது வாங்கியவர்கள் அதிகமானார்கள்.

கூரைக்கு வருவோம். புல் கூரையை ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புல்லுக்குக் காசு, வேய்கிறவருக்குக் கூலி. பெருமழையில் ஒழுகும். தகரம் போட்டால் அந்தச் செலவு பல வருடத்துக்கு இல்லை. கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் தகரமும் மரமும் ஆணியும் ஆசாரி கூலியும் ஒரே வாரத்தில் வேண்டும். மாதத்துக்கு ரெண்டு தகரம் வாங்கி அடுக்கி வைத்து வீடு கட்டியவர்கள் உண்டு. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து அதை விற்றவர்களும் உண்டு.

விவசாயக் குடும்பத்தின் பணத் தேவை இப்படித்தான், மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிற நாம் உதவியையும் மாதச் சம்பளமாக யோசிக்கிறோம்.

குலுக்கலில் விழுந்தவர்களுக்கு என்ன ஆனது

2011 முதல் 2013 வரை சியாயாவின் ராரியேடா பகுதியில் நடந்த முதல் பெரிய சோதனையில் எல்லாவற்றையும் குலுக்கலில் விட்டார்கள். கணவருக்கா மனைவிக்கா, மொத்தமாகவா ஒன்பது மாதம் பிரித்தா, சிறு தொகையா பெரிய தொகையா. புல் கூரை வீடு என்பதுதான் தகுதி. பெரிய தொகை சிறியதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாடு சீரானது; பட்டினி கிடந்த நாட்கள் குறைந்தன. மொத்தமாக வாங்கியவர்கள் வீட்டில் தகரக் கூரையும் சாமான்களும் வந்தன. குடிக்கும் புகைக்கும் செலவு கூடவில்லை. டாஸ்மாக் கட்சிக்காரர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. பெண் கையில் கொடுத்தால்தான் குடும்பத்துக்குப் போய்ச் சேரும் என்று எல்லோரும், நான் உட்பட, வேதவாக்காகச் சொல்லி வருகிறோம். ராரியேடாவில் கணவருக்குப் போன பணத்துக்கும் மனைவிக்குப் போன பணத்துக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் தட்டுப்படவில்லை. அதற்காக நான் ஆண்கள் கணக்கில் போடச் சொல்லமாட்டேன். பெண் பெயரில் போடுவதற்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன. 'ஆம்பளை கையில் கொடுத்தால் அவ்வளவுதான்' என்ற பயத்தின் மேல் மொத்தத் திட்டத்தையும் கட்ட வேண்டாம் என்கிறேன்.

2018இல் தொடங்கிய இரண்டாவது சோதனைதான் நம் கேள்விக்கு நேரான பதில். சியாயாவிலும் பொமெட்டிலும் 295 கிராமங்கள். 44 கிராமங்களில் வயதுவந்த எல்லோருக்கும் பன்னிரண்டு வருடத்துக்கு மாதாமாதம் பணம், நாளுக்கு முக்கால் டாலர் கணக்கில். 80 கிராமங்களில் அதே மாதப் பணம், ஆனால் இரண்டே வருடம். 71 கிராமங்களில் அந்த இரண்டு வருடப் பணத்தை, சுமார் 500 டாலரை, மொத்தமாக ஒரே சமயத்தில். மீதி 100 கிராமங்களுக்கு எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், மொத்தமாக வாங்கிய ஊர்களிலும் பன்னிரண்டு வருட உறுதி இருந்த ஊர்களிலும் கடைகளும் சிறு தொழில்களும் பெருகியிருந்தன, வருமானம் கூடியிருந்தது. கூலி வேலையை விட்டுச் சொந்த வேலைக்குப் போனவர்கள் அதிகம். வேலையே செய்யாமல் உட்கார்ந்துவிட்டவர்கள் இல்லை. இரண்டு வருட மாதப் பணம் வாங்கிய ஊர்கள்தான் மூன்றில் கடைசி. அங்கும் நன்மை இருந்தது. சாப்பாடு, மன நிம்மதி எல்லாம் கூடின. ஆனால் தொழிலில் அந்த எகிறல் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, நீண்ட நாள் ஊருக்கும் குறுகிய நாள் ஊருக்கும் அந்த இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்த பணம் ஒரே அளவு. ஒரு ஷில்லிங் கூடக்குறைய இல்லை. இன்னும் பத்து வருடம் வரும் என்ற நம்பிக்கை மட்டும்தான் வித்தியாசம். அந்த நம்பிக்கையை வைத்துத் துணிந்து கடை போட்டார்கள், சேமித்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: மாதப் பணத்தைச் சீட்டுப் போட்டு மொத்தப் பணமாக மாற்றிக்கொண்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒருவருக்குச் சுற்றுவிடும் குழுக்கள் கென்யக் கிராமங்களில் நம்மூர் மாதிரியே எங்கும் உண்டு. நாம் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்ததை அவர்கள் உட்கார்ந்து ஒட்டவைத்திருக்கிறார்கள்.

சீட்டுக் கட்டத் தெரிந்த மக்களுக்கு மாதப் பணம் கொடுப்பதில் தப்பில்லை. சீட்டு முடிகிற அளவுக்காவது நாள் ஓட வேண்டும். தலைமை மாறினாலும் நிற்காது என்று ஊருக்கு உறுதி இருக்க வேண்டும். நம்மூர்ச் சங்கங்களில் எத்தனை பேரால் பன்னிரண்டு வருடத்துக்கு வாக்குக் கொடுக்க முடியும்? செயலாளர் மாறினாலே திட்டம் மாறும் உலகம் இது.

வட்டிக் கணக்கு

கென்யாவை விடுங்கள், நம் பக்கத்துக் கணக்கு ஒன்று போடலாம். பொருளாளர் சொன்ன மாதம் ஆயிரம் ரூபாய் யோசனை. ஒரு லட்சத்தை அப்படிக் கொடுத்தால் நூறு மாதம், எட்டு வருடத்துக்கு மேல் ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வீட்டுக்கு வெளியில் ஒரு லட்சம் கடன் இருக்கிறது என்று வையுங்கள். போர்வெல் போட்டதோ, பெண்ணுக்குக் கல்யாணம் செய்ததோ, ஒரு போகம் பொய்த்ததோ. மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், லட்சத்துக்கு மாதம் 3,000. நீங்கள் மாதம் 1,000 அனுப்புகிறீர்கள்; அவர்கள் அதோடு 2,000 சேர்த்து வட்டிக்காரரிடம் கொடுக்கிறார்கள். எட்டு வருடம் கழித்து உங்கள் லட்சம் தீர்ந்திருக்கும், கடன் அசல் அப்படியே இருக்கும். அதே லட்சத்தை ஒரே நாளில் கொடுத்தால் அசல் அடைந்து, மறுமாதத்திலிருந்து அந்த வீட்டுக்கு மாதம் 3,000 மிச்சம். எந்த அறக்கட்டளையும் தராத வருமானம் அது. ஐந்து வட்டியாக இருந்தால் 5,000.

வட்டியில்லாக் கடன் மட்டுமே உள்ள வீடு, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனோடு நிற்கும் வீடு என்றால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அடகுக் கடையில் கம்மலும் சங்கிலியும் இல்லாத சிறு விவசாயி வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், கடனை அடைத்ததைப் படம் பிடிக்க முடியாது. நாலு மாதம் கழித்துப் பார்வையிடப் போகிறவர் கண்ணுக்கு மாடும் இல்லை, தையல் மிஷினும் இல்லை. 'பணத்தைக் கரைத்துவிட்டார்கள்' என்று எழுதிவிடுவார். திரும்பி வந்த கம்மல் அந்த அம்மாவின் காதில் இருப்பதை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

மாடா, உரமா, அரிசியா

பொருளாகக் கொடுப்பதற்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்த முதல் வாரத்தில் கடை இல்லை, கரண்ட் இல்லை. அப்போது தண்ணீர் கேனும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் ஜெனரேட்டரும்தான் உதவி. ரூபாய் நோட்டு வெறும் காகிதம். சந்தை திறந்த பிறகும் பழைய துணி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம் பாருங்கள், அது வேறு கதை.

அதேபோல் சந்தை தூரமாக, ஒன்றிரண்டு வியாபாரிகள் கையில் இருக்கும் ஊர்களில் தானியமாகக் கொடுப்பது விலையையும் இறக்கிவைக்கும். மெக்சிகோவில் உணவுப் பொருளையும் பணத்தையும் ஒப்பிட்டபோது, பொருள் வந்த கிராமங்களில் விலை குறைந்தது தெரிந்தது. புதுச்சேரியில் 2015இல் ரேஷன் அரிசிக்குப் பதில் பணத்தை வங்கியில் போட ஆரம்பித்தார்கள். பணம் வந்ததா, எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாமல் தொடக்கத்தில் பலர் அலைந்தார்கள். கடைசியில் 2024இல் ரேஷன் கடைகளைத் திரும்பவும் திறக்க வேண்டிவந்தது. தினசரிச் சோற்றுக்கான உதவியைப் பணமாக்கும்போது விலைவாசியை யார் தலையில் கட்டுகிறோம் என்ற கேள்வி அதில் இருந்தது.

ஆனால் விவசாய முதலீட்டை நாமே வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம். கென்ய அரசு 50 கிலோ உர மூட்டையை 2,500 ஷில்லிங்குக்கு மானியத்தில் கொடுத்தது. நல்ல திட்டம். 2024 மார்ச்சில் அந்த விநியோகத்துக்குள்ளேயே போலி உரம் புகுந்திருந்தது வெளிவந்து, விவசாய அமைச்சரைப் பதவிநீக்கும் தீர்மானம் வரை போனது. ஒருவரே எல்லோருக்கும் வாங்கும் இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. தன் காசில் வாங்குகிற விவசாயி மூட்டையைப் பிரித்துக் கையில் தேய்த்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார்.

மாடு விஷயத்தில் ஒரு கேள்வி போதும்: தீவனம் எங்கே? மேய்ச்சல் இல்லாத வீட்டுக்கு, பால் சொசைட்டி எட்டாத ஊருக்குக் கொடுத்த கறவை மாடு மூன்றாவது மாதம் சந்தையில் நிற்கும், வாங்கிய விலைக்குக் கீழே. மாடு தேவைப்பட்ட வீடு பணத்தில் மாட்டைத்தான் வாங்குகிறது. ராரியேடாவிலும் கால்நடை கூடியது.

இதில் நான் மரியாதை வைத்திருக்கும் ஒரே மாற்று, பங்களாதேஷில் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறை. மாடோ ஆடோ கொடுத்து, அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்குச் சிறு தொகை கொடுத்து, வாரம்தோறும் ஆள் வந்து சொல்லிக்கொடுத்து, சேமிப்புப் பழக்கி இரண்டு வருடம் கூடவே நிற்பது. மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற நிறுவனம் அதைச் செய்த குடும்பங்களைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. கையில் எதுவுமே இல்லாத, நிலமும் இல்லாத குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்தது குறைவு. அதற்குத் திறமையான களப்பணியாளர்கள் வேண்டும். சம்பளத்துக்கே பெரும்பணம் போகும். ஞாயிற்றுக்கிழமை கூடும் சங்கத்தால் ஆகிற காரியம் இல்லை.

அளவும் தேதியும்

பிரதமரின் கிசான் திட்டத்தைப் பலரும் நேரடிப் பண உதவிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணை. ஒரு தவணை 2,000. அதில் ஒரு மூட்டை டிஏபி 1,350, இரண்டு மூட்டை யூரியா 533 போனால் மீதி 117 ரூபாய். உரக்கடைக்குப் போய்வர டீச்செலவு, பஸ் செலவு. தேவைதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2018-19 கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அந்தக் கணக்கில் வருடம் 6,000 என்பது ஐந்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சியாயாவில் இன்னொரு பெரிய ஆய்வில் கொடுத்த 1,000 டாலர், வாங்கிய குடும்பத்தின் ஒரு வருடச் செலவில் முக்கால் பங்கு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டு, பணம் கொடுத்துப் பார்த்தோம் ஒன்றும் மாறவில்லை என்று பேசுவது நியாயமில்லை.

ருவாண்டாவில் இதையே நேராகச் சோதித்தார்கள். குழந்தைகளின் ஊட்டத்துக்கான ஒரு பயிற்சித் திட்டத்தையும், அதற்கு ஆகும் செலவு அளவுக்கே பணத்தையும், 500 டாலருக்கு மேலான பெரிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. பயிற்சியும் சிறு தொகையும் குழந்தைகளின் வளர்ச்சியை அசைக்கவில்லை. பெரிய தொகை அசைத்தது.

தேதியைப் பொறுத்தவரை தெலங்கானா 2018இல் கொண்டுவந்த ரைத்து பந்து நல்ல யோசனை: தொடக்கத்தில் ஏக்கருக்கு 4,000 ரூபாய், ஒவ்வொரு போகத்துக்கும், விதைப்புக்கு முன்னால். கிசான் தவணை நாலு மாத இடைவெளிக்குள் எந்தத் தேதியிலும் வரலாம். என்றைக்கு வரும் என்று தெரியாத பணத்தை நம்பி யாரும் உரக்கடைக் கடனை விடமாட்டார்கள். ஆனால் ரைத்து பந்துவில் பத்து ஏக்கர்க்காரருக்குப் பத்து மடங்கு போனது. குத்தகைக்கு எடுத்து வெயிலில் நின்றவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிசானிலும் பட்டா இல்லாதவருக்குப் பணம் இல்லை. அரசுக்குப் பட்டா என்ற காகிதம் வேண்டும். சங்கத்துக்கு வேண்டியதில்லை, ஊரில் யார் யார் நிலத்தை ஓட்டுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அரசு தவறவிடும் அந்தக் குத்தகைக்காரரைத்தான் நான் முதலில் பிடிப்பேன்.

தேதியின் பலம் எவ்வளவு என்பதற்கு சியாயாவிலிருந்தே ஒரு செய்தி. 653 கிராமங்களில் 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 1,000 டாலர் போன அந்தப் பெரிய ஆய்வைத் தொடர்ந்து, அந்த ஊர்களில் பிறந்த குழந்தைகளின் கணக்கையும் எடுத்தார்கள். 2025இல் வெளிவந்த முடிவின்படி ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தார்கள். பிரசவத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளில் பலன் அதிகம். நிறைமாதத்தில் களை பறிக்கப் போகாமல் ஓய்வெடுக்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துப் போக முடிந்தது. இதே ஆய்வில், பணம் வாங்காத அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் வருமானம் கூடியது. ஒரு டாலர் ஊருக்குள் சுற்றி இரண்டரை டாலர் அளவுக்கு வேலை செய்தது. விலைவாசி பெரிதாக ஏறவில்லை.

கெட்டதும் உண்டு

ஹோமா பே என்ற பக்கத்து மாவட்டத்தில் 2015 வாக்கில் கிவ்டைரக்ட்லி பணம் கொடுக்கப் போனபோது நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். சும்மா யாராவது காசு கொடுப்பார்களா, இது சாத்தானின் பணம் என்று வதந்தி. நம் ஊரிலும் அந்தச் சந்தேகம் வரும், பெயர் மட்டும் வேறாக இருக்கும்: ஓட்டுக்கா, மதம் மாற்றவா, நிலத்தை எழுதி வாங்கவா? காங்கோவின் கிழக்கில் அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியர்களே கூட்டுச் சேர்ந்து சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள். அதை நிறுவனமே 2023இல் வெளியே சொன்னது. நடுவில் ஆள் இல்லை என்பதால் களவு இல்லை என்று அர்த்தமில்லை.

மொத்தப் பணம் தூக்கிவிட்ட உயரம் எப்போதும் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. வட உகாண்டாவில் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்க ஆளுக்குச் சுமார் 400 டாலர் கொடுத்ததில், நாலு வருடம் கழித்து வருமானம் மற்றவர்களைவிட நன்றாக மேலே இருந்தது. ஒன்பது வருடம் ஆனபோது பணம் வாங்காதவர்களும் மெல்ல அந்த உயரத்துக்கு வந்துவிட்டார்கள். சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை வருடம் முன்கூட்டியே கிடைத்த சோறும் பள்ளிக்கூடமும் பொய்யில்லையே. ஆனால் 'ஒரு தடவை கொடுத்தால் தலைமுறைக்கும் போதும்' என்று சங்க ஆண்டுமலரில் எழுத வேண்டாம்.

மொத்தமாகக் கொடுக்கக் கூடாத வீடுகளும் இருக்கின்றன. தனியாக இருக்கும் வயதானவர்கள்: முதலீடு செய்யும் வயது இல்லை, பணம் வந்த சேதி கேட்டால் பேரன் வருவான். அவர்களுக்கு மாதாமாதம், உயிரோடு இருக்கும்வரை. புகுந்த வீட்டில் தன் பேச்சு எடுபடாத நிலையில் இருக்கும் விதவைப் பெண்ணுக்கு, அவர் பெயரில் கணக்கு இருந்தாலும், பெரிய தொகை சண்டையைத்தான் கொண்டுவரும். அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி பிரித்துக் கொடுக்கலாம். வறட்சியில் இன்றைக்கே அடுப்பு எரியாத வீட்டுக்கு முதலில் நாலு மாதச் சாப்பாட்டுப் பணம், பிறகு மற்றது.

மற்ற வீடுகளுக்கு நான் சியாயாவின் தவணையையே கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்வேன். அங்கே முதலில் 7,000 ஷில்லிங், இரண்டு மாதம் கழித்து 40,000, அதன்பின் இன்னொரு 40,000 என்று கொடுத்தார்கள். முதல் சிறு தொகை, எண் சரியா, பணம் சரியான ஆளுக்குப் போகிறதா என்று பார்க்கவும், ஊரின் சந்தேகம் தீரவும். நம் லட்சத்தில் ஏப்ரலில் 8,000, குறுவைக்கு முன் ஜூன் முதல் வாரத்தில் 60,000, தை அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் 32,000, நெல்லைக் களத்திலேயே தள்ளிவிடாமல் இருக்க. மானாவாரி ஊர் என்றால் ஆடிக்கு முன்னால் பெரிய தவணை. மூன்று தேதியையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாதித் திட்டம் அந்தக் காகிதம்தான். ரசீது கேட்க வேண்டாம். ஒரு போகம் முடிந்த பிறகு போனில் பத்து நிமிடம் பேசினால் போதும்.

பத்து லட்சம் இருந்தால் பத்து வீட்டுக்கு லட்சமா, நூறு வீட்டுக்குப் பத்தாயிரமா என்பதில்தான் கூட்டம் உடையும். நூறு என்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மேடையில் நூறு பேர் நிற்பார்கள். நான் பத்து என்றுதான் கை தூக்குவேன். பத்தாயிரம் எந்தக் கடனையும் மூடாது, எந்தக் கூரையையும் மாற்றாது. ஆனால் அந்தப் பத்து வீட்டைச் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கக் கூடாது. தகுதி இன்னது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லி, தகுதியுள்ள எல்லார் பெயரையும் வாசித்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். விழாதவர்களுக்குக் கோபம் வரும். அது சங்கத்தின் மேல் வராது, சீட்டின் மேல் வரும். அடுத்த வருடம் அந்தப் பெயர்களை மட்டும் வைத்து மறுபடி குலுக்கலாம்.